இருந்தும் காணாத வட்டு

எத்துணைப் பெரிய கப்பலாயினும் நம் வ.உ.சி. துறைமுகத்துள் நுழைய ஒரு பைலட் வேண்டும். கணினிக்குள் நாம் அமைக்கும் மெய்நிகர்க் கணினிக்கும் அவ்வாறே. கே.வி.எம்.மில் வட்டை ‘விர்ட்டியோ’ வகையாக வைத்து விண்டோஸை நிறுவப் புகுந்தால், வட்டே இல்லை என்று திரை கூறும். அதை நம்பி நானும் மூன்று முறை வட்டை அழித்து உருவாக்கினேன். உண்மையில் வட்டு இருந்தது, டிரைவர்தான் இல்லை! லினக்ஸில் 2008 முதலே உள்ள அந்த டிரைவர் விண்டோஸோடு வருவதில்லை. ‘விர்ட்டியோ-வின்’ ஐ.எஸ்.ஓ. கோப்பை இரண்டாம் சி.டி.யாக இணைத்து, ‘லோட் டிரைவர்’ வழியே ‘வியோஸ்டார்’ கோப்புறையைக் காட்டியதும் வட்டு தோன்றியது.

கணக்கு வராதென்று நாம் ஒதுக்கும் தோழிக்கும் அறிவு இல்லாமலில்லை. கைப்பிடித்து அழைத்துச் செல்ல ஆளில்லை, அவ்வளவே. ஆகவே, ‘இல்லை’ என்று தீர்ப்பளிக்குமுன், எது குறைகிறதென்று தேடுவோம்!