எண்ணுக்கு முன் பெயரைப் படியுங்கள்

சென்ற மாதம் 18 என்றிருந்தது இம்மாதம் 38 ஆனதும், சிறுநீரகம் பழுதாகிவிட்டதென்று கலங்கும் குடும்பங்கள் உண்டு. கலங்குமுன் எண்ணுக்கு அருகிலுள்ள பெயரைப் படிக்க வேண்டும். ஓர் ஆய்வகம் யூரியாவிலுள்ள நைட்ரஜனை மட்டும் கணக்கிட்டு 'பி.யூ.என்.' எனத் தரும். மற்றொன்று முழு யூரியாவின் அளவைத் தரும். இரண்டும் மில்லிகிராமிலேயே அச்சிடப்படுவதால் மயக்கம் நேர்கிறது. முன்னதை 2.14 ஆல் பெருக்கினால் பின்னது கிடைக்கும். ஆகவே அந்த 18உம் இந்த 38உம் ஏறத்தாழ ஒன்றே. இந்த வேறுபாட்டை ஒவ்வோர் ஆய்வகமும் அறிக்கையிலேயே விளக்கி அச்சிட வேண்டும் என்பது எம் கருத்து.

பெயர் மாறாமல் எண் உயர்ந்தாலும், அது சிறுநீரகக் கோளாறுக்கு மட்டுமே உரிய அடையாளமன்று. நீரிழப்பு, இரைப்பையில் இரத்தக் கசிவு, ஸ்டீராய்டு மருந்து, மிகுந்த புரத உணவு ஆகியவையும் யூரியாவை உயர்த்தும். ஆதலால் மருத்துவர் கிரியாட்டினின் அளவோடு சேர்த்தே இதனை மதிப்பிடுவார்.

அச்சத்தால் நோயாளியின் பருப்பையும் முட்டையையும் தாமாகவே நிறுத்துவது தகாது. நோயோடு போராடும் உடலுக்குப் புரதம் இன்றியமையாதது. உணவை மாற்றுமுன், பழைய அறிக்கையையும் புதியதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் வாருங்கள்.