எழுதும் திரையும் ஏட்டுச் சுவடியும்

கட்டுரை எழுதப் புகும் மாணவன் கணினியைத் திறந்ததும் பொத்தான்களின் சந்தையொன்று அவன் கண்முன் விரிகின்றது. எழுத்தின் நிறத்தையும் அளவையும் அவன் தேர்ந்து முடிப்பதற்குள், சொல்ல வந்த பொருள் பாதி கலைந்துவிடுகின்றது. இதற்கு மாற்றாக வெறுந்தாள் போன்ற திரையைத் தரும் செயலிகள் பல இன்று உள. அவற்றை நாமும் போற்றி வந்தோம்.

சென்ற தவணையில் உயர்வகுப்பு மாணவரொருவர் அத்தகைய திரையில் எழுதிய நெடுங்கட்டுரையைத் திருத்த நேர்ந்தபொழுது எம் கருத்து மாறிற்று. வாக்கியங்களிற் குற்றமில்லை, ஏழாம் பந்தியோ இரண்டாம் பந்தியை மறுத்து நின்றது. வினவியபொழுது, இரண்டாம் பந்தியைத் தாம் மீளப் பார்க்கவேயில்லை என்றார். திரை அவருக்குக் காட்டியது கடைசிச் சில வரிகளையே.

நெடிய எழுத்துக்குப் பகுதியைக் காணும் பார்வையோடு முழுமையைக் காணும் பார்வையும் வேண்டும். பனையோலையில் எழுதிய நம் முன்னோர் கையில் ஒரு நேரத்தில் ஓரேடே இருந்தது. எழுதி முடித்தவை அருகே அடுக்கிக் கிடந்தன. பின்னர்க் கயிறு அவற்றைச் சுவடியாக்கிற்று. திரையிலும் அவ்வொழுங்கு வேண்டும் என்பதே எம் துணிபு.

இதனை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. றிச்சட் ஸ்ரோல்மன் 1985இல் வெளியிட்ட ஜி.என்.யூ. ஈமாக்ஸ் என்னும் எழுத்துத் தொகுப்பி இன்றும் இலவசமாய்க் கிடைக்கின்றது. தெரிந்தெடுத்த பகுதியை மாத்திரம் காட்டி ஏனையவற்றை மறைக்கும் கட்டளை அதில் உண்டு. மறைந்தது அழிவதில்லை, மற்றொரு கட்டளையால் மீளும். ‘ஓர்க்’ என்னும் முறைமை, பந்திகளை மடித்துத் தலைப்புக்களை மட்டும் நிரலாகக் காட்டும். ‘ஒலிவெற்றி’ என்னும் துணைச்செயலி எழுத்தைத் திரையின் நடுவே, இருமருங்கும் இடம் விட்டு நிறுத்தும்.

தமிழர் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. ஈமாக்ஸ் வரிக்கு இயல்பாகக் கொள்ளும் எல்லை 70 எழுத்திடம். ஆங்கில எழுத்தின் அகலத்துக்கு அது பொருந்தும். நம் ‘ணை’யும் ‘ஞா’வும் அதனினும் அகன்றவை. ஆதலின் எல்லையைச் சற்று விரித்தல் வேண்டும். எழுத்தெண்ணிக்கையையும் நம்பற்க: ‘தமிழ்’ நமக்கு மூன்றெழுத்து, யூனிகோட் முறையிலோ ஐந்து குறியீடுகள். சொல்லெண்ணிக்கையே கொள்ளத்தக்கது. (சேர்த்தெழுதுவோர்க்கு அதுவும் குறைத்தே காட்டும்.) பிழை காட்டும் செந்நிறக் கோட்டை எழுதும்பொழுது அணைத்துவிடுக, திருத்தம் மறுநாட் பணி.

ஈமாக்ஸை அழகுபடுத்துவதிலேயே மாலைகள் பலவற்றைத் தொலைத்து, ஒரு வரியும் எழுதாதார் உளர். நாமும் அவருட் சேர்ந்தவரே. ஆகவே அவ்வேலையை மாணவரிடம் விடுதல் தகாது. கணினித் துறையிலுள்ள பழைய மாணவர் ஓரிருவர் கூடி, ஒரே அமைப்புக் கோப்பை ஆக்கி, கல்லூரிக் கணினிக் கூடத்தில் இட்டுதவலாம். பகுதியை மறைக்க ஒரு விசை, தலைப்புக்களைக் காட்ட ஒரு விசை, வேறொன்றும் வேண்டா. அடுத்த தவணைக் கட்டுரைகளை அதிலே எழுதுவிக்க நாம் ஆயத்தமாயுள்ளோம்.