சீடை வெடித்தால் யார் குற்றம்?

அடுக்களையில் நடக்கும் வேடிக்கைகளுக்குக் கணக்கு வழக்கே கிடையாது. உப்பு டப்பாவும் சர்க்கரை டப்பாவும் இரட்டைப் பிள்ளைகள் போலப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். விருந்தாளிக்குப் போகும் காப்பியில் உப்பு விழும். உப்புமாவைக் கரண்டியால் எடுத்தால் வாணலியும் சேர்ந்து எழுந்து வரும். குலாப் ஜாமூன் என்று எண்ணெயில் போட்டது கரைந்து காணாமற்போகும். கேக் என்று ஓவனில் வைத்தது அடையாக வெளியே வரும்.

இவை நடக்காத வீடு எது? "எங்கள் வீட்டில் நடந்ததே இல்லை" என்று ஒருவர் சொன்னால், ஒன்று அந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை; அல்லது சொல்பவர் அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை.

சிரிக்க வேண்டிய விஷயம்தான். சிரிப்பதில் தவறும் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு எங்கே போய் முடிகிறது என்பதுதான் கேள்வி. "மைசூர்ப்பாகை உடைக்க உளியும் சுத்தியலும் கொண்டு வா" என்பார் வீட்டுக்காரர். கூடத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். செய்தவளும் சிரித்துவிடுவாள். அதற்குள் ஒரு குரல் வரும்: "பாவம், அவள் என்ன செய்வாள்? அவள் அம்மா சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான்!"

அங்கே சிரிப்பு நின்றுவிடுகிறது. பாகு முற்றியதற்குப் பிறந்த வீட்டை இழுத்தாகிவிட்டது. ஒரு தட்டு மைசூர்ப்பாகு கெட்டதில் நஷ்டம் கொஞ்சம் நெய்யும் சர்க்கரையும். அந்த ஒரு சொல்லால் வரும் நஷ்டம் எத்தனையோ வருஷங்களுக்கு ஆறாது.

வெடிகுண்டுச் சீடை

கோகுலாஷ்டமி வந்தால் சில வீடுகளில் தீபாவளியும் கூடவே வந்துவிடுகிறது. எண்ணெயில் போட்ட சீடை 'டப்' என்று வெடிக்கும். ஒன்று உத்தரத்தைத் தொடும். இன்னொன்று அலமாரிக்கு அடியில் ஓடும். குழந்தைகளுக்கு ஏகக் கொண்டாட்டம். "யாருடைய கண்ணோ பட்டுவிட்டது" என்பாள் பாட்டி. "கைராசி போதாது" என்பாள் அத்தை.

கண்ணும் காரணமில்லை, கைராசியும் காரணமில்லை. காரணம் தண்ணீர்தான். மாவுக்குள் சிக்கிய ஈரம் சூட்டில் ஆவியாகிறது. நீர் ஆவியானால் அதன் பருமன் 1,600 மடங்குக்கு மேல் பெருகும். உருட்டும்போது அழுத்தி வழவழவென்று உருட்டிவிட்டால், சீடையின் மேற்புறம் முதலில் வெந்து ஓடுபோல இறுகிவிடும். ஆவிக்கு வெளியே போக வழி இல்லை. வழி இல்லாவிட்டால் மனிதனே வெடிக்கிறான். சீடை வெடிப்பதில் என்ன ஆச்சரியம்?

அதனால்தான் மாவை இரண்டு முறை சலிக்க வேண்டும், உளுந்தை வறுத்து அரைக்க வேண்டும், இறுக்காமல் உருட்டித் துணியில் பரப்பி ஈரம் உலரவிட வேண்டும், ஊசியால் ஒரு குத்துக் குத்த வேண்டும் என்று பழைய மனுஷிகள் வைத்தார்கள். ஆனால் காரணத்தைச் சொல்லாமல் "நான் சொல்வதைச் செய்" என்று சொல்லிவிட்டார்கள். காரணம் தெரியாத காரியத்தை அவசரத்தில் மனிதர்கள் விட்டுவிடுவார்கள். விட்டதும் வெடிக்கிறது!

பாகும் அப்படித்தான். சர்க்கரைப் பாகில் தண்ணீர் வற்ற வற்றச் சூடு ஏறிக்கொண்டே போகும். ஒற்றைக் கம்பிப் பதத்தில் அது 105 டிகிரி சென்டிகிரேடுக்கு அக்கம்பக்கத்தில் இருக்கும். இன்னும் பதினைந்து டிகிரி ஏறினால் போதும், ஆறியபின் கெட்டிப்பட்டுப் போகும். நடுவில் இருப்பது சில நிமிஷங்களே. அந்த நேரம் பார்த்து வாசலில் மணி அடிக்கும். கதவைத் திறந்து, கூரியரை வாங்கி, கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதற்குள் மைசூர்ப்பாகு செங்கல்லாகிவிடும். கைப்பக்குவமும் கூரியர்க்காரரும் ஒரே சமயத்தில் வந்தால் கைப்பக்குவம்தான் தோற்கும்.

இட்லி மாவின் கதை வேறு. மாவைப் பொங்கவைப்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவற்றுக்கு வெதுவெதுப்பு வேண்டும். சித்திரை மாதத்துச் சென்னையில் பாத்திரம் தாண்டி, மேடை தாண்டி, விடிவதற்குள் தரையில் கோலம் போடும் அதே மாவு, தை மாதத்து டில்லியில் போட்டது போட்டபடி கிடக்கும். சென்னையில் பஞ்சு போல இட்லி செய்தவள் டில்லிக்குப் போனதும் 'இட்லி செய்யத் தெரியாதவள்' ஆகிவிடுகிறாள். அவள் கை மாறவில்லை, ஊர்தான் மாறியது. குளிர் நாடுகளில் குடியேறிய தமிழர்கள், ஓவனை மூட்டாமல் அதன் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு மாவை உள்ளே வைத்துப் பொங்கவைக்கிறார்கள். காரணம் தெரிந்தால் வழியும் தெரியும்.

ஆப்ப சோடாவும் இந்தக் கோஷ்டியைச் சேர்ந்ததுதான். மஞ்சள் பொடி கலந்த மாவில் சோடா கொஞ்சம் அதிகமானால் பஜ்ஜி செக்கச் செவேலென்று சிவக்கும். காரத்தன்மை பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். பாடத்தில் இதைப் படித்து மதிப்பெண் வாங்கியவர்களே பஜ்ஜியைப் பார்த்துப் பயந்துபோவதுதான் வேடிக்கை. கேக் நடுவில் குழிவதும் மர்மமல்ல. மாவும் முட்டையும் வெந்து இறுகுவதற்கு முன், 'என்ன ஆயிற்று பார்க்கலாம்' என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ஓவன் கதவைத் திறந்தால் உள்ளே உப்பி வந்தது அமுங்கிவிடும். பேக்கிங் பவுடர் பழசானாலும் கேக் எழும்பாது. ஒரு கரண்டி பவுடரை வெந்நீரில் போட்டால் நுரைக்க வேண்டும். நுரைக்கவில்லை என்றால் குற்றவாளி டப்பாவில் இருக்கிறான். அடுப்படியில் நிற்பவள் அல்ல.

ஒரு கை என்றால் யார் கை?

அடுக்களை அசம்பாவிதங்களில் பாதிக்குக் காரணம், 'தேவையான அளவு' என்ற இரண்டு சொற்கள்.

வெளியூரில் வேலை பார்க்கும் பெண் அம்மாவைச் செல்போனில் கூப்பிடுகிறாள். "துவரம்பருப்பு எவ்வளவு போடணும்மா?" "ஒரு கை போடுடி." "யார் கை? உன் கையா, என் கையா?" "உப்பு?" "பார்த்துப் போடு." "எதைப் பார்த்து?" அம்மாவுக்குக் கோபம் வருகிறது. பெண்ணுக்கு அழுகை வருகிறது. பருப்புக்கு அடி பிடிக்கிறது.

அம்மாவின் மேல் குற்றம் இல்லை. நாற்பது வருஷப் பழக்கத்தில் அளவு அவள் கைக்குள் போய்விட்டது. வாயால் சொல்ல வராது. ஆனால் அளவு இல்லாத பாடத்தைக் கேட்டுச் செய்தவள் தவறிவிட்டால், பாடத்தை யாரும் குறை சொல்வதில்லை. மாணவியைத்தான் சொல்கிறார்கள்.

பாட்டியின் நோட்டுப் புத்தகம் கிடைத்தாலும் ஆபத்து தீர்ந்துவிடாது. அதில் மாவு ஆழாக்குக் கணக்கில் இருக்கும். வெண்ணெய் பலக் கணக்கில் இருக்கும். எட்டு ஆழாக்கு ஒரு படி. படியோ ஊருக்கு ஒரு விதம். 1958 முதல் மெட்ரிக் எடைகள் புழக்கத்துக்கு வந்து, 1962க்குள் பழைய அளவுகள் சட்டப்படி விடைபெற்றுவிட்டன. நோட்டுப் புத்தகத்துக்கு அந்தச் சட்டம் தெரியாது. ஆழாக்கு என்பது ஏறக்குறைய 168 மில்லி. பேத்தி கையில் இருக்கும் கப் 240 மில்லி. பலம் என்பது 35 கிராம் என்று எங்கேயோ பார்த்து வெண்ணெயைச் சரியாக நிறுத்துப் போட்டு, மாவை மட்டும் கப்பால் அளந்தால், மாவு ஒன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரையாகிவிடும். வெண்ணெய் போதாத முறுக்கைக் கடித்தவர்கள் நேரே பல் வைத்தியரிடம் போக வேண்டியதுதான்!

இந்தச் சங்கடத்தை உணர்ந்தவர் எஸ். மீனாட்சி அம்மாள். 1951ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட 'சமைத்துப் பார்' என்ற புத்தகம், எது எவ்வளவு, எப்போது, எந்தப் பதத்தில் என்று எழுத்தில் வைத்தது. பெண்ணைப் புக்ககம் அனுப்பும்போது சீர்வரிசையோடு இந்தப் புத்தகத்தையும் வைத்து அனுப்பிய வீடுகள் பல. ரகசியமாகக் கருதப்பட்ட கைப்பக்குவத்தை அளவாக மாற்றி எல்லோருக்கும் கொடுத்தது பெரிய தர்மம்.

ஆடவர் செய்தால் ஆராய்ச்சி!

அடுக்களையிலும் சாப்பாட்டு மேஜையிலும் ஆடவர் செய்த கோளாறுகள் எப்படிப் பேசப்படுகின்றன என்பதையும் பார்க்க வேண்டும்.

ஸ்விட்ஸர்லாந்தில் பாஸல் நகரத்தில் ஷேன்பைன் என்று ஒரு ரசாயனப் பேராசிரியர் இருந்தார். மனைவி வெளியே போயிருந்த சமயம், அவர் அடுக்களையில் அமிலங்களை வைத்துக்கொண்டு பரிசோதனை செய்தார் என்றும், அமிலம் மேஜையில் கொட்டிவிட்டது என்றும், அவசரத்தில் மனைவியின் பருத்தி மேலங்கியை எடுத்துத் துடைத்து அடுப்புக்கு மேலே உலரப் போட்டார் என்றும், அது பளிச்சென்று தீப்பிடித்து மாயமாயிற்று என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியிருந்தாலும், 1846இல் வெடிபஞ்சை உலகத்துக்கு அறிவித்து அவர் பெரும் புகழ் பெற்றார். மேலங்கியை இழந்த அம்மாளைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை!

இன்னொருவர் ஃபால்பெர்க். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஆராய்ச்சிசாலையில் வேலை செய்தவர். 1879இல் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் ரொட்டியைக் கடித்தார், இனித்தது. ரொட்டியில் சர்க்கரை இல்லை. ஆராய்ச்சிசாலையில் கையில் ஒட்டிய பொருளைச் சரியாகக் கழுவாமல் வந்து உட்கார்ந்திருந்தார். அதிலிருந்து பிறந்ததுதான் சாக்கரின். கையைக் கழுவாமல் சாப்பிட்டவருக்குப் புகழும் பணமும் வந்தன. அதே காரியத்தை வீட்டில் சமைக்கிற பெண் செய்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆடவர் செய்தால் ஆராய்ச்சி, பெண் செய்தால் அலட்சியம். இது என்ன நியாயம்?

'அலட்சியத்தால் வரும் கோளாறு இல்லையா?' என்று சிலர் கேட்கலாம். உண்டு. ஒரு கையில் செல்போன், மறு கையில் கரண்டி என்று நின்றால் பால் பொங்கி வழியத்தான் செய்யும். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். தீய்ந்த வாடை கூடம் வரைக்கும் வருகிறது. கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஐயா எழுந்து போய் அடுப்பை அணைக்கிறாரா? உட்கார்ந்த இடத்திலிருந்தே, "என்னவோ தீய்கிறதே!" என்று வானொலிச் செய்தி போல அறிவிக்கிறார். அலட்சியம் அடுக்களையில் மட்டும் இல்லை.

கேலிக்குப் பயந்தால் ஆபத்து

இதை வேடிக்கையாக மட்டும் விட்டுவிட முடியாது. கேலிக்குப் பயந்தவர் கேள்வி கேட்க மாட்டார். கேட்காதவர் கையைச் சுட்டுக்கொள்வார்.

வாணலி எண்ணெய் தீப்பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, தட்டால் மூட வேண்டும். பிரஷர் குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. நுரைத்துப் பொங்கும் பருப்பு வகைகளுக்கு அதிலும் குறைவு. ஆவி அடங்குமுன் மூடியை வலிந்து திறக்கக் கூடாது. இவை எல்லாம் எத்தனை வீடுகளில் சொல்லிக் கொடுக்கப்படுகின்றன? 'இதுகூடத் தெரியாதா?' என்ற ஒரு கேள்வி போதும். புதிதாக அடுப்படிக்கு வந்த பெண்ணோ பையனோ அதற்கப்புறம் வாயைத் திறக்க மாட்டார்கள்.

அந்தக் குக்கருக்கே ஒரு சரித்திரம் உண்டு. டெனிஸ் பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர் 1679இல் லண்டனில் ஆவி அடைத்துச் சமைக்கும் பாத்திரத்தைச் செய்துகாட்டினார். அடைபட்ட ஆவி பாத்திரத்தையே உடைத்துவிடும் என்பது ஆபத்து. பாப்பன் பாத்திரத்தைத் திட்டவில்லை; பாத்திரம் செய்தவனின் தாயாரையும் இழுக்கவில்லை. அழுத்தம் மிஞ்சினால் ஆவி தானே வெளியேற ஒரு சேப்டி வால்வு வைத்தார். இன்று கோடிக்கணக்கான வீடுகளில் விசில் அடிப்பது அந்த யோசனையின் வம்சம்தான். வெடித்தால் வால்வு வைக்க வேண்டும். வசவு வைக்கக் கூடாது.

வீட்டுக்கும் ஒரு வால்வு வேண்டும். பண்டம் கெட்டுவிட்டால் முதலில் சிரிக்கும் உரிமை சமைத்தவருக்கே என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, 'ஏன் இப்படி ஆயிற்று?' என்று காரணத்தைக் கேளுங்கள், 'யாரால் ஆயிற்று?' என்று கேட்காதீர்கள். அம்மா சமைக்கும்போது பக்கத்தில் நின்று அவள் ஒரு கையை ஒரு முறை கரண்டியில் அளந்து எழுதி வையுங்கள். அவள் கை இருக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள். பெண்ணுக்குச் சொல்லிக் கொடுப்பதைப் பையனுக்கும் சொல்லிக் கொடுங்கள். அவனும் நாளைக்கு வெளியூர் போகிறவன், அவனுக்கும் பசிக்கும்.

வெடித்த சீடையைப் பார்த்துச் சிரிப்பவர், அடுத்த கோகுலாஷ்டமிக்குத் தாமே உட்கார்ந்து பத்துச் சீடை உருட்டட்டும். பத்தும் வெடிக்காமல் வந்தால் தாராளமாகச் சிரிக்கட்டும். மீனாட்சி அம்மாள் தம் புத்தகத்துக்குச் 'சமைத்துக் காட்டு' என்று பெயர் வைக்கவில்லை. 'சமைத்துப் பார்' என்றுதான் வைத்தார். பார்க்கிறபோது நாலு தரம் தவறத்தான் செய்யும். ஐந்தாம் தரம் சரியாக வருகிற சீடையின் ருசியே தனி!