கொக்கி மாட்டுகிறவரையும் கேளுங்கள்



போன செமஸ்டரில் செமினாருக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு "வெல்டிங் குறைபாடுகள்" விழுந்தது. எனக்கு விழுந்ததோ "ஐரோப்பாவில் சரக்குப் போக்குவரத்து: இனி எதை ஆராய வேண்டும்?" நமக்கும் ஐரோப்பாவுக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. ஆனால் எங்கப்பா துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் ஏற்றிப் போகும் டிரெய்லர் லாரி ஓட்டுகிறவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். புத்தகத்தில் உள்ளதை அவரிடம் சொல்லிப் பார்த்துத்தான் எனக்கே புரிந்ததா என்று தெரிந்துகொள்வேன். இதையும் அப்படித்தான் சொன்னேன்.

விஷயம் இதுதான். பெட்டியைத் திறக்காமலே கப்பலிலிருந்து ரயிலுக்கும், ரயிலிலிருந்து லாரிக்கும் மாற்றி அனுப்புவது. நெடுந்தூரத்துக்கு ரயில் அல்லது ஆற்றுப் படகு, கடைசிக் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் லாரி. புகை குறையும், டீசல் மிச்சமாகும். 300 கிலோமீட்டருக்கு மேல் லாரியில் போகும் சரக்கில் 30 சதவீதத்தை 2030-க்குள்ளும், பாதிக்கு மேல் 2050-க்குள்ளும் ரயிலுக்கும் நீர்வழிக்கும் மாற்ற வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2011-லேயே வெள்ளை அறிக்கை வெளியிட்டது. 2019-இல் பசுமை ஒப்பந்தம் என்று மறுபடியும் அதையே சொன்னது. ஆனாலும் அங்கே உள்நாட்டுச் சரக்கில் நான்கில் மூன்று பங்கு இன்னும் ரோட்டில்தான் ஓடுகிறது.

"பெட்டியைத் திறக்காமலே மாத்துதாங்கல்லா, பொறவு என்னலே பிரச்சினை?" என்று அப்பா கேட்டார். நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடிப் போனபோதுதான் நான் அசந்து போனேன்.

ஐரோப்பாவில் சரக்கு வேகன்களை இன்றைக்கும் பெரும்பாலும் கையால்தான் இணைக்கிறார்கள்! ஒரு தொழிலாளி இரண்டு வேகன்களுக்கு நடுவில் நுழைந்து, கனமான இரும்பு வளையத்தைத் தூக்கிக் கொக்கியில் மாட்டி, திருகை முறுக்கி, பிரேக் குழாயையும் தனியாகப் பூட்ட வேண்டும். மழையானாலும் பனியானாலும் இதேதான். அமெரிக்காவில் தானாகப் பூட்டிக்கொள்ளும் இணைப்பு வேண்டும் என்று 1893-லேயே சட்டம் வந்துவிட்டது. நம்ம ஊர் கூட்ஸ் வண்டியிலும் அது உண்டு. ஐரோப்பாவில் 1970-களில் மாற்றத் திட்டம் போட்டுக் கைவிட்டார்கள். காரணம் எளிது. பழைய இணைப்பும் புது இணைப்பும் ஒன்றோடொன்று சேராது. மாற்றினால் எல்லா நாடும் எல்லாக் கம்பெனியும் சேர்ந்து மாற்ற வேண்டும். செலவு யார் தலையில் என்பதில்தான் வண்டி நின்றுவிடுகிறது. இப்போது "டிஜிட்டல் தானியங்கி இணைப்பு" என்று ஒன்றை உருவாக்கிச் சோதித்து வருகிறார்கள். பிரேக் காற்று, கரண்ட், தகவல் எல்லாம் ஒரே பூட்டில் சேர்ந்துவிடும்.

என் கருத்து, இதுதான் பட்டியலில் முதலில் இருக்க வேண்டும். அதுவும் இணைப்பின் டிசைன் மட்டுமல்ல. லட்சக்கணக்கான வேகன்களை ஓட்டம் நிற்காமல் எந்த வரிசையில் மாற்றுவது, யார் பணம் கொடுப்பது என்பதும் ஆராய்ச்சிதானே? டிரைவர் இல்லாத லாரியைப் பற்றிப் பேசினால் கைதட்டு கிடைக்கிறது. திருகுக் கொக்கிக்கு யார் கைதட்டுவார்கள்?

அடுத்தது மொழி. சிரிக்காதீர்கள். 2017 ஆகஸ்டில் ஜெர்மனியில் ரஸ்டாட் என்ற ஊரில் ரயில் பாதைக்கு அடியில் சுரங்கம் தோண்டும்போது மண் இறங்கி, தண்டவாளம் வளைந்துவிட்டது. வடக்கே துறைமுகங்களையும் தெற்கே இத்தாலியையும் இணைக்கும் முக்கியப் பாதை ஏழு வாரம் மூடிக் கிடந்தது. பக்கத்திலேயே பிரான்சில் பாதை இருந்தும் எல்லா வண்டியையும் அதில் விட முடியவில்லை. ஒரு காரணம், ஜெர்மன் டிரைவர்களுக்குப் பிரெஞ்சு தெரியாது! அங்கே என்ஜின் டிரைவருக்கு அந்தந்த நாட்டு மொழி தெரிந்தாக வேண்டும் என்பது விதி. லாரி டிரைவருக்கு அந்த விதி இல்லை; அவர் பாட்டுக்கு ஆறு நாட்டைத் தாண்டிப் போகலாம். இதன் பிறகு ஐரோப்பிய ஆராய்ச்சிப் பணத்தில் மொழிபெயர்ப்புக் கருவி ஒன்றைச் சோதித்தார்கள். இங்கிலீஷ் புரியாமல் முதல் செமஸ்டரில் முழித்த எனக்கு, இந்த ஆராய்ச்சியின் அருமை நன்றாகவே தெரியும்.

சுவிட்சர்லாந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் லாரிகளை ரயிலுக்கு மாற்ற வேண்டுமென்று 1994-இல் மக்களே ஓட்டுப் போட்டார்கள். 2001 முதல் லாரியின் எடைக்கும் ஓடும் தூரத்துக்கும் புகைக்கும் தக்கபடி கட்டணம். அந்தப் பணத்தில் ஒரு பகுதி சுரங்கப் பாதைகளுக்குப் போயிற்று. 57 கிலோமீட்டர் நீள கோத்தார்டு சுரங்கம் 2016-இல் திறந்தார்கள். மலையைத் தாண்டிய லாரிகள் 2000-இல் 14 லட்சம். பிறகு 10 லட்சத்துக்குக் கீழே வந்துவிட்டது. சட்டத்தில் போட்ட இலக்கான ஆறரை லட்சத்தை இன்னும் எட்டவில்லை. அதே சுரங்கத்தில் 2023 ஆகஸ்டில் ஒரு சரக்கு வேகனின் சக்கரம் உடைந்து வண்டி தடம்புரண்டது. முழுப் பாதையும் திறக்க 2024 செப்டம்பர் ஆயிற்று. உடைந்த காரணம், நாம் மெட்டீரியல்ஸ் பாடத்தில் இரண்டு மார்க்குக்கு எழுதும் அதே "ஃபேட்டீக்" விரிசல். ஓடும் வண்டியிலேயே அந்த விரிசலைக் கண்டுபிடிப்பது நம்மைப் போன்ற மெக்கானிக்கல்காரர்கள் வேலை.

ரைன் நதி 2018-லும் 2022-லும் வற்றியபோது படகுகள் பாதிச் சுமைகூட ஏற்ற முடியாமல் தவித்ததும் உண்டு. அதனால் ஆற்றை மட்டும் நம்பியும் திட்டம் போட முடியாது.

எல்லாம் கேட்டுவிட்டு அப்பா ஒன்று கேட்டார்: "சரக்கு எல்லாம் ரயில்ல போயிட்டா, அங்க உள்ள லாரிக்காரன் என்னலே செய்வான்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தால், ரயில் நிலையத்திலிருந்து பாக்டரிக்குப் பெட்டி கொண்டுபோக லாரி வேண்டும்தான். வாரக்கணக்கில் வண்டியிலேயே படுத்துத் தூங்குகிறவர் ராத்திரி வீட்டுக்கு வரலாம். ஆனால் சம்பளம் அதே அளவு இருக்குமா? எத்தனை பேருக்கு வேலை இருக்கும்? டன்னையும் கிலோமீட்டரையும் புகையையும் கணக்குப் போடுகிறவர்கள் இதையும் கணக்குப் போட வேண்டும் என்பேன். பட்டியல் எழுதும் மேஜையில் கொக்கி மாட்டுகிறவரும் ஸ்டியரிங் பிடிக்கிறவரும் உட்கார்ந்தால், இந்தக் கேள்வி முதல் பக்கத்திலேயே வந்துவிடும்.

செமினாரில் இதைச் சொல்லத்தான் கடைசிக்கு வைத்திருந்தேன். அதற்குள் பத்து நிமிடம் ஆகிவிட்டதென்று மணி அடித்துவிட்டார்கள்.