ஹெலன் என்ன ஆனாள்?

சண்டை சச்சரவே இல்லாத ஓர் ஊரில் குடித்தனம் நடத்த யாருக்குத்தான் ஆசை இராது? எனக்கு உண்டு. உங்களுக்கும் இருக்கும். அப்படிப்பட்ட ஓர் ஊரைப் பற்றிய நாவல் ஒன்றைச் சென்ற வாரம் படித்தேன். முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடியபோது, 'அப்பாடா, நம் தெருவே தேவலை!' என்று தோன்றிவிட்டது.

புத்தகத்தைக் கொடுத்தவள் என் அண்ணாவின் பேத்தி. எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். "அத்தைப் பாட்டி, இது எங்க வயசுப் பசங்களுக்காக எழுதினதுதான். ஆனா நீங்க அழுதுடுவீங்க" என்று எச்சரித்துவிட்டுத்தான் கொடுத்தாள். குழந்தைகள் புத்தகத்துக்கு அழுகிற வயதா எனக்கு என்று நானும் அலட்சியமாகவே பிரித்தேன்.

நாவலின் பெயர் 'தி கிவர்'. 'கொடுப்பவர்' என்று வைத்துக் கொள்ளலாம். எழுதியவர் லோயிஸ் லோரி என்னும் அமெரிக்கப் பெண்மணி. 1993-ம் ஆண்டில் வெளியான இந்த நாவல், மறு வருஷமே நியூபெரி பதக்கத்தைப் பெற்றது. சிறுவர் இலக்கியத்துக்கு அமெரிக்காவில் அதற்கு மேல் கௌரவம் கிடையாது. இந்த அம்மாளுக்கோ அது இரண்டாவது பதக்கம்! டென்மார்க்கில் யூதர்களை நாஜிகளிடமிருந்து காப்பாற்றிய கதையை எழுதி, 1990-லேயே ஒன்றை வாங்கியிருந்தார். 'தி கிவர்' ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது.

கதை வருங்காலத்தில் நடக்கிறது. ஜோனாஸ் என்ற பையனுக்குப் பன்னிரண்டு வயது பிறக்கப் போகிறது. அவனுடைய ஊரில் பசி இல்லை, யுத்தம் இல்லை, வேலையில்லாத் திண்டாட்டம் இல்லை. வீட்டில் அடுப்பு மூட்டும் தொல்லைகூட இல்லை. சாப்பாடு வாசலுக்கே வந்துவிடும். மிச்சத்தை வாசலில் வைத்தால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இந்த இடத்தில் நானும் ஒரு பெருமூச்சு விட்டேன் என்பதை ஒப்புக் கொள்கிறேன்.

காலையில் எல்லோரும் கண்ட கனவைச் சொல்ல வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, அன்றைக்கு மனத்தில் தோன்றிய கோபதாபங்களைச் சொல்ல வேண்டும். அப்பாவும் அம்மாவும் பொறுமையாகக் கேட்டுச் சமாதானம் சொல்வார்கள். நாலு முதல் ஆறு வயது வரை குழந்தைகளுக்கு முதுகுப் பக்கம் பொத்தான் வைத்த சட்டை. ஏன் தெரியுமா? ஒருவருக்கு ஒருவர் பொத்தான் போட்டுவிட வேண்டும், மற்றவர் உதவி இல்லாமல் வாழ முடியாது என்று அந்த வயதிலேயே படிய வேண்டும் என்பதற்காக! ஏழு வயதில் முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை வரும். ஒன்பது வயதில் ஒரு சைக்கிள். பன்னிரண்டு வயதில், ஊர்ப் பெரியவர்கள் கூடி, இன்ன பிள்ளைக்கு இன்ன வேலை என்று தீர்மானித்துவிடுவார்கள்.

கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? இனிமேல்தான் சங்கதி.

கல்யாணம் வேண்டுமென்றால் மனுப் போட வேண்டும். யாருக்கு யார் பொருத்தம் என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்வார்கள். குழந்தைக்கும் மனுதான். வீட்டுக்கு ஒரு பையன், ஒரு பெண், அதோடு சரி. பெற்றுக் கொடுப்பதற்கு என்று தனியாகச் சில பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மூன்று வருஷம் ராஜோபசாரம், மூன்று பிரசவம். அதற்குப் பிறகு ஆயுள் முழுவதும் கூலி வேலை. பெற்ற குழந்தையை அவர்கள் கண்ணால் பார்ப்பதே கிடையாது. தாத்தா, பாட்டி என்ற சொற்களுக்கு அங்கே வேலையே இல்லை. பிள்ளைகள் வளர்ந்து பிரிந்ததும் பெற்றோர் வேறிடம் போய்விடுவார்கள். அப்புறம் ஒருவரை ஒருவர் தேடுவதில்லை.

இன்னொன்று. அந்த ஊரில் நிறமே கிடையாது. மலை இல்லை, பனி இல்லை, வெயில் இல்லை, சங்கீதம் இல்லை. எல்லாம் ஒரே சீராக இருக்க வேண்டும் என்று எந்தத் தலைமுறையிலோ முடிவு செய்து விட்டுவிட்டார்கள். நிறத்தை எப்படி ஒழித்தார்கள் என்று கேட்டால் புத்தகத்தில் சரியான பதில் இல்லை. விஞ்ஞானக் கதை என்று பெயர் வைத்துக்கொண்டு, விஞ்ஞானத்தை இப்படி நழுவவிடுகிறாரே என்று எனக்குக் கொஞ்சம் குறைதான். ஆனால் பையன் ஒருநாள் ஆப்பிள் பழம் ஒன்றைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறான். அது காற்றில் போகும்போது ஏதோ ஒரு மாதிரி மாறுகிறது. என்ன மாற்றம் என்று சொல்ல அவனிடம் வார்த்தை இல்லை. சிவப்பு என்ற சொல்லையே அறியாத ஒருவன் சிவப்பைப் பார்க்கிறான்! அந்தப் பக்கத்தைப் படித்ததும் குறையெல்லாம் பறந்துவிட்டது.

ஜோனாஸுக்குக் கிடைக்கும் வேலை விசித்திரமானது. ஊரார் தூக்கி எறிந்த பழைய ஞாபகங்கள் அத்தனையையும் ஒரே ஒரு கிழவர் சுமந்துகொண்டிருக்கிறார். அவருக்குப் பிறகு அவற்றைச் சுமக்கப் போகிறவன் இவன். கிழவர் பையனுடைய முதுகில் கையை வைத்தால் ஞாபகம் அவரிடமிருந்து இவனுக்கு இறங்குகிறது. அவர் கொடுப்பவர், இவன் பெறுபவன். முதலில் பனிச் சரிவில் வழுக்கிச் செல்லும் ஆனந்தம். அப்புறம் இளவெயில். அப்புறம் அதே வெயிலின் சூடு. அதன் பிறகு முறிந்த கால், பசி, போர்க்களம். ஊரில் யாருக்கு விரல் நசுங்கினாலும் வலி தீர மருந்து கிடைக்கும். இந்தப் பையனுக்கு மட்டும், பயிற்சியால் வருகிற வலிக்கு மருந்து கூடாது என்பது விதி.

ஒருநாள் கிழவர் தமக்கு மிகவும் பிடித்த ஞாபகத்தைக் கொடுக்கிறார். ஓர் அறை, கணப்பு அடுப்பு, பண்டிகை விளக்குகள், பரிசைப் பிரிக்கும் குழந்தைகள், நடுவில் ஒரு தாத்தாவும் பாட்டியும். இதற்குப் பெயர் என்ன என்று பையன் கேட்கிறான். அன்பு என்கிறார். வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாவிடம், "உங்களுக்கு என்மேல் அன்பு உண்டா?" என்று கேட்கிறான். இருவரும் சிரித்துவிடுகிறார்கள். இவ்வளவு தெளிவில்லாத சொல்லை உபயோகிக்கலாமா, பேச்சில் திட்டம் வேண்டாமா என்று திருத்துகிறார்கள். கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை. பேத்தி சொன்னது இந்த இடத்தைத்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இல்லை, அது இன்னும் தள்ளி இருந்தது.

ஜோனாஸின் அப்பாவுக்குச் சிசுக்களைப் பராமரிக்கும் வேலை. தங்கமான மனுஷர். சரியாகத் தூங்காமல் அழுதுகொண்டிருக்கும் கேப்ரியேல் என்ற குழந்தையிடம் இரக்கப்பட்டு, அதைத் தம் வீட்டுக்கே தூக்கி வருகிறார். அது ஜோனாஸின் அறையில் தூங்குகிறது. இரவில் சிணுங்கும்போது ஜோனாஸ் அதன் முதுகைத் தட்டிக் கொடுக்கிறான். தன்னை அறியாமல் அமைதியான ஒரு ஞாபகத்தை அதற்குக் கொடுத்துவிடுகிறான். குழந்தை தூங்கிவிடுகிறது.

அந்த ஊரில் 'விடுவிப்பு' என்று ஒரு வார்த்தை உண்டு. வயதானவர்களை விடுவிப்பார்கள். விதியை மீறியவர்களை விடுவிப்பார்கள். இரட்டைக் குழந்தை பிறந்தால் எடை குறைந்ததை விடுவிப்பார்கள். வேறு ஊருக்கு அனுப்புகிறார்கள் என்றே ஜோனாஸ் நினைத்திருந்தான். தன் அப்பா ஒரு சிசுவை விடுவிக்கும் காட்சியை ஒருநாள் அவன் திரையில் பார்க்கிறான். அவர் கையில் ஓர் ஊசி இருக்கிறது. வழக்கமான கொஞ்சல் குரலில் குழந்தையோடு பேசிக்கொண்டேதான் போடுகிறார். அவரிடம் துளிக்கூடக் கொடுமை இல்லை. தாம் செய்வது இன்னதென்று அவருக்குத் தெரியவே தெரியாது. இனி கேப்ரியேலின் முறை என்றும் தெரியவருகிறது. அதற்கு மேல் கதையைச் சொல்ல மாட்டேன். நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

இதை எழுத வேண்டுமென்று ஒரு பெண்ணுக்கு எப்படித் தோன்றியிருக்கும்? அந்தக் கதை நாவலுக்குக் குறைந்ததல்ல.

லோயிஸ் லோரி 1937-ம் வருஷம் ஹவாய்த் தீவில் ஹொனொலூலுவில் பிறந்தார். தகப்பனார் ராணுவத்தில் பல் வைத்தியர். மகாயுத்தம் முடிந்த பிறகு குடும்பம் டோக்கியோவுக்குப் போயிற்று. அங்கே அமெரிக்கர்களுக்கென்றே வேலி கட்டிய ஒரு குடியிருப்பு. அமெரிக்க வீடுகள், அமெரிக்கப் பள்ளிக்கூடம், அமெரிக்க சினிமா. பதினொரு வயதுச் சிறுமி மட்டும் சைக்கிளில் ஏறி, வேலிக்கு வெளியே ஷிபுயாவின் கடைத்தெருவைப் பார்க்கப் போய்விடுவாளாம். ஒருநாள் ஜப்பானிய மாது ஒருத்தி இவள் தலைமயிரைத் தொட்டு ஏதோ சொன்னாள். 'உன்னைப் பிடிக்கவில்லை' என்று சொன்னதாக எண்ணிச் சிறுமி முகம் வாடிவிட்டாள். பிறகுதான் புரிந்தது, 'அழகாயிருக்கிறது' என்று அவள் சொல்லியிருக்கிறாள்! ஜப்பானிய மொழியில் இரண்டு சொற்களும் அவ்வளவு நெருக்கம். பல வருஷங்களுக்குப் பின், "ஏனம்மா அந்த வேலிக்குள்ளேயே இருந்தோம்?" என்று தாயாரைக் கேட்டாராம். அதுதான் பழக்கமாகவும் பத்திரமாகவும் இருந்தது என்றாராம் தாயார். நாவலில் வரும் ஊருக்கு அஸ்திவாரம் எங்கே போடப்பட்டது என்று தெரிகிறதல்லவா?

பத்தொன்பதாவது வயதில் கல்யாணம். படிப்பு பாதியில் நின்றது. இருபத்தாறு வயதுக்குள் நான்கு குழந்தைகள்! பிறகு மறுபடியும் கல்லூரிக்குப் போய் 1972-ல் பட்டம் வாங்கினார். இடையில், 1962-ல், அவருடைய அக்கா ஹெலன் புற்று நோயால் இறந்து போனாள். மூன்றே வயது மூத்தவள். அந்தத் துக்கத்தைத்தான் லோரி தம் முதல் நாவலாக 1977-ல் எழுதினார். அப்போது அவருக்கு வயது நாற்பது.

காலம் ஓடியது. பெற்றோர் இருவரும் முதியோர் இல்லத்தில் இருந்தார்கள். தாயாருக்குக் கண் பார்வை போய்விட்டது, உடம்பும் தளர்ந்துவிட்டது, ஆனால் ஞாபகம் அப்படியே இருந்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்தால் பழைய கதைகளையெல்லாம் சொல்லுவார். அவற்றில் ஹெலன் இறந்த கதையும் உண்டு. அது எவ்வளவு வலித்தாலும் அதை ஒதுக்கிவிட அவர் தயாராயில்லை. தகப்பனாருக்கோ உடம்பு திடமாக இருந்தது, ஞாபகம் போய்விட்டது. ஒருநாள் படத்தைக் காட்டி, "இது உன் அக்கா, ஹெலன்" என்றார் சந்தோஷமாக. அப்புறம் சற்றே யோசித்து, "அவள் என்ன ஆனாள் என்றுதான் ஞாபகம் வரவில்லை" என்றார். முகத்தில் வருத்தமே இல்லை.

மகள் என்ன செய்வாள், சொல்லுங்கள்! இறந்துவிட்டாள் என்று சொன்னால், பெற்ற மனம் அன்றுதான் கேட்டதுபோல் துடிக்கும். சற்று நேரத்தில் அதுவும் மறந்து போகும். மறுபடியும் அதே கேள்வி. சொல்லாமலே விட்டால் அவர் நிம்மதியாக இருப்பார். ஆனால் அந்த நிம்மதியில் ஹெலன் இருக்க மாட்டாள். தகப்பனார் மறந்தது துக்கத்தை மட்டுமா? மகளின் கதையில் பாதியை அல்லவா? வலி வேண்டாம் என்று ஓர் ஊரே ஞாபகத்தைத் தள்ளிவிட்டால் எப்படியிருக்கும் என்ற எண்ணம் அவருக்கு அப்போது உதித்தது. பேத்தி சொன்ன ஆரூடம் பலித்தது நாவலில் அல்ல, இந்த இடத்தில்தான்.

புத்தகத்தின் முதல் பதிப்பு அட்டையில் ஒரு தாடிக்காரக் கிழவரின் புகைப்படம் இருக்கிறது. எடுத்தவர் லோரியேதான். படத்தில் இருப்பவர் மெய்ன் மாகாணத்துக்கு அருகே ஒரு தீவில் வசித்த கார்ல் நெல்ஸன் என்ற ஓவியர். பத்திரிகைக் கட்டுரைக்காக 1979-ல் அவரைப் பார்க்கப் போனபோது எடுத்த படம். நிறங்களிலேயே வாழ்ந்த அந்த மனிதருக்குக் கடைசியில் பார்வை போய்விட்டதாம்.

சில ஊர்களில் பெற்றோர்கள் இந்தப் புத்தகத்தைப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று கிளர்ச்சி செய்தார்கள். 1990-களில் அமெரிக்க நூலகங்களில் அதிகமாக ஆட்சேபிக்கப்பட்ட நூல்களின் ஜாபிதாவில் இதுவும் ஒன்று. எனக்கு அவர்கள் மீது கோபம் வரவில்லை. ஊசி போடும் அந்தக் காட்சியை என் குழந்தை படிக்க வேண்டாம் என்று எந்தத் தாய்க்கும் தோன்றும். ஆனால் என் பேத்தி அதைப் படித்துவிட்டு ராத்திரி தன் தாயாரிடம் போய் ஒட்டிக்கொண்டு படுத்துக் கொண்டாளாம். அவ்வளவுதான் நடந்தது.

2014-ல் இது சினிமாவாகவும் வந்தது. பையனைப் பதினாறு வயது வாலிபனாக்கி, காதலையும் சேர்த்துவிட்டார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. கிழவராக நடித்த ஜெஃப் பிரிட்ஜஸ், தம் தகப்பனார் லாயிட் பிரிட்ஜஸை அந்த வேஷத்தில் நடிக்க வைக்க விரும்பித்தான் பல வருஷங்களுக்கு முன்பே முயற்சியைத் தொடங்கினாராம். படம் எடுபடுவதற்குள் தகப்பனார் 1998-ல் காலமாகிவிட, மகனே நடித்தார்.

கதையின் முடிவில் பையன் பிழைத்தானா, இல்லையா என்பது தெளிவாக இராது. ஆசிரியைக்கு இதைக் கேட்டு வந்த கடிதங்களுக்குக் கணக்கில்லை. பின்னால் இன்னும் மூன்று நாவல்கள் எழுதி ஒருவாறு பதில் சொன்னார். கடைசி நாவல் 2012-ல் வெளிவந்தது. பெயர் 'சன்', அதாவது 'மகன்'. தூங்காமல் அழுத அந்தக் கேப்ரியேலை யாரோ ஒரு பெண் பெற்றுத்தானே இருக்க வேண்டும்? அவளுக்குப் பதினாலு வயது, பெயர் கிளேர். பிரசவத்தின்போது அவள் கண்ணைக் கட்டிவிடுகிறார்கள். எடுத்துப் போன குழந்தையைத் தேடி அவள் அலைவதுதான் கதை. லோரியின் மூத்த மகன் கிரே, போர் விமான ஓட்டி, 1995-ல் ஜெர்மனியில் நடந்த விமான விபத்தில் இறந்து போனான். அதற்குப் பதினேழு வருஷங்களுக்குப் பிறகு எழுதிய புத்தகம் இது.

அது இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. கிளேர் கடற்கரை வரை வந்திருக்கிறாள். பேத்தி இரண்டு தடவை போன் செய்து கேட்டுவிட்டாள். முடிக்காமல் கொடுப்பதாக இல்லை.