பஃப்பைப் பிடுங்காதீர்கள், தாத்தாக்களே!

போகியன்று அம்பத்தூரில் எங்கள் தெருவில் பழைய பாயும் டயரும் எரிந்த புகையில் பேத்திக்கு இழுப்பு வந்துவிட்டது. வயது ஆறு. மருமகள் இன்ஹேலரை எடுத்தாள். "குழந்தைக்குப் போய் பஃப்பா? பழகிப் போயிடும்மா" என்று தடுத்தவன் நான்தான். "விடுங்க மாமா" என்று அவள் கெஞ்சியும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் குழந்தையின் உதடு நீலமாகிவிட்டது. அங்கே நெபுலைசரில் வைத்ததும் அதே சால்புட்டமால் மருந்துதான்!

அதனால்தான் இன்று என் வயதுக்காரர்களோடு சண்டைக்கு வருகிறேன்.

சிரப் என்றால் தயங்காமல் ஊற்றுகிறோம். ஐந்து மில்லி சால்புட்டமால் சிரப்பில் 2 மில்லிகிராம் மருந்து. ஒரு பஃப்பில் 100 மைக்ரோகிராம். அதாவது ஒரு ஸ்பூன் சிரப் இருபது பஃப்புக்குச் சமம். சிரப் வயிறு, ரத்தம் என்று உடம்பெல்லாம் சுற்றும். பஃப் நேரே மூச்சுக்குழாய்க்குப் போகும். இதில் எது 'ஸ்ட்ராங்'? ஜூன் மாதம் ஹைதராபாத்துக்கு ரயிலேறிப் போய் உயிர் மீனை விழுங்க வைப்பார்களாம், பஃப் மட்டும் ஆகாதாம்!

அடுத்தது 'பிரைமரி காம்ப்ளக்ஸ்'. அது காசநோய்த் தொற்று. தோல் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் பார்த்துச் சொல்லவேண்டியது. என் பேத்திக்கு ஒரு டாக்டர் எதுவும் பார்க்காமலே அப்படிச் சொல்லி ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார். நாங்களும் நிம்மதியாக ஒப்புக்கொண்டோம். ஏன்? ஆஸ்துமா என்றால் பெண் குழந்தைக்கு நாளை கல்யாணம் ஆகாதே என்ற பயம்!

இருமல் இரவிலும் விடியற்காலையிலும் வருகிறதா? ஓடினால், சிரித்தால், புகை பட்டால் வருகிறதா? "ஆஸ்துமாவாக இருக்குமா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள். ஐந்தாறு வயதுக்கு மேல் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை செய்யலாம். அதைவிடச் சின்னக் குழந்தைகளுக்கு, வருகிற விதத்தையும் மருந்துக்கு அடங்குகிறதா என்பதையும் வைத்துக் கண்டுபிடிப்பார்கள்.

மருந்து இரண்டு வகை. ஒன்று இழுப்பு வரும்போது குழாயைத் திறப்பது. மற்றது உள் வீக்கத்தைக் குறைக்கத் தினமும் எடுப்பது. "இப்ப நல்லாத்தானே இருக்கா" என்று இரண்டாவதை நாமாக நிறுத்துவதுதான் பெரிய தப்பு.

இப்போது தினமும் ராத்திரி ஸ்பேசரைப் பிடித்துக்கொண்டு ஆறு மூச்சு எண்ணுவது என் வேலை. பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். நான் மறந்தாலும் அவள் மறப்பதில்லை.

உங்கள் வீட்டில் பெற்றவள் பஃப்பை எடுத்தால், தயவுசெய்து அவள் கையைப் பிடிக்காதீர்கள்.