கழிவுநீர்க் குளங்களும் காண வருவோர் கடமையும்

பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் தாக்க மண்டலம் வரையறுக்கப்படும்வரை, அதன் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கட்டுமானங்களுக்கு அனுமதி தரக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025 செப்டம்பரில் ஆணையிட்டதிலிருந்து, விவாதம் முழுவதும் மனைகளின் விலையைச் சுற்றியே நடக்கிறது. சதுப்பை ஒட்டிப் பெருங்குடியில் இயங்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பற்றியோ, இத்தகைய இடங்களில் பறவை காண வருவோர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றியோ எவரும் வாய் திறப்பதில்லை என்பது வருந்தத்தக்கது.

கழிவுநீர்க் குளங்களைப் பறவைகள் நாடுவது தற்செயலன்று. பாசிகள் வெயிலில் வெளியிடும் ஆக்சிஜனைக் கொண்டு பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கின்றன. அப்போது விடுபடும் நைட்ரஜனும் பாஸ்பரசும் மீண்டும் பாசியை வளர்க்க, அதனால் நீர்ப்பூச்சிகளின் புழுக்கள் பெருகி, வாத்துகளுக்கும் கரைப்பறவைகளுக்கும் இரையாகின்றன.

இதற்கு இலக்கணம் வகுத்தது மெல்போர்ன் நகரின் வெரிபி நிலையம். 1890களில் கழிவுநீர்ப் பண்ணையாகத் தொடங்கி, இன்று அந்நகரக் கழிவுநீரில் ஏறத்தாழப் பாதியைச் சுத்திகரிக்கும் அந்நிலையத்தின் பரப்பு சுமார் 10,500 ஹெக்டேர். பள்ளிக்கரணையின் ராம்சார் பரப்போ, சுமார் 1,248 ஹெக்டேர். ராம்சார் என்பது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கை. அதன் பட்டியலில் வெரிபியின் ஈரநிலம் 1982இலும் பள்ளிக்கரணை 2022இலும் இடம்பெற்றன. நாற்பது ஆண்டு முன்னதாக ஏற்பு பெற்ற வெரிபி, பறவை காண்போரை விரட்டவுமில்லை, கட்டவிழ்த்து விடவுமில்லை. முன்கூட்டியே அனுமதி பெற்றவர்களையே வாயிற் சாவியுடன் உள்ளே விடுகிறது.

இங்கோ, ஆபத்து என்ற ஒரே சொல்லால் கதவைச் சாத்துகின்றனர் அதிகாரிகள். ஆபத்து உண்மைதான்: காய்ந்த கசடு கெட்டித்தரை போலத் தோன்றி, கால் வைத்தால் உள்வாங்கும்; மூடிய தொட்டிகளில் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு தேங்கும். ஆயினும் ஆபத்துக்கு மருந்து விதிமுறையே அன்றிப் பூட்டு அன்று. பூட்டை விரும்புவோர் உண்மையில் அஞ்சுவது பொதுமக்களின் கண்ணுக்கே.

மறுபுறம், படத்துக்காக எதையும் செய்யத் துணிவோருக்கும் மன்னிப்பில்லை. செந்நிறக் கால்களால் பவளக்காலி எனப்படும் நெடுங்கால் உள்ளான், கரைச்சேற்றில் இடும் முட்டைகள் மண்நிறத்தில் கரும்புள்ளிகளோடு இருப்பதால், மிதிபடும்வரை தெரிவதில்லை. தாய்ப்பறவை எழுந்து கத்திக்கொண்டு வட்டமிடும் நேரமெல்லாம் முட்டைகள் வெயிலில் வேகின்றன. இதை அறிந்தும் நெருங்குவதும், குரல்பதிவை ஒலிக்கவிட்டுப் பறவையை அழைப்பதும் ரசனையன்று, வன்முறை.

கரைவழியை விட்டு இறங்காமை, கசட்டின்மேல் கால் வைக்காமை, நீரைத் தொடாமை, கைகழுவாமல் உண்ணாமை, பணியாளரின் வேலைக்குக் குறுக்கே நில்லாமை ஆகிய ஐந்தும் அனுமதிச் சீட்டிலேயே அச்சிடப்பட வேண்டும். மீறுவோரின் சீட்டு அன்றே பறிக்கப்பட வேண்டும்.

நாட்டிலேயே அதிகமாக, 20 ராம்சார் தலங்களைக் கொண்ட தமிழ்நாடு, இந்த ஒழுங்கைப் பள்ளிக்கரணையோடு நிறுத்திக்கொள்ளலாகாது. மணிமுத்தாற்றங்கரையில் அமைந்து, பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலம் போன்ற நகரங்களிலும், சுத்திகரிப்புக் குளம் வெட்டப்படும் நாளிலேயே பார்வையாளர் பாதையும் விதிகளும் திட்டத்தில் சேர வேண்டும். ஒழுங்குடன் வரும் பறவை ஆர்வலரே கூலி கேளாத கண்காணிப்பாளர். அவர் கண்முன்னே சுத்திகரிக்காத கழிவை ஆற்றில் திறந்துவிடும் துணிவு எந்த நிர்வாகத்துக்கும் வாராது.